உன் கிட்னி உன்னிடமே இருக்கட்டும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் எழுதுவது. நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? இதை யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, நானே எழுதுகிறேன்! முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தபின் என் முதல் கடிதம். 'அன்புள்ள' என்று முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

என் உடம்புக்கு முடியவில்லை என்றதும் போனில் அழுது, "மாமாவுக்கு என் கிட்னி ஒண்ணைத் தர்றேன்" என்றாயாம். நடந்ததைச் சொல்கிறேன் கேள். கிட்னி என்பது ரத்தத்தை வடிகட்டும் சல்லடையாம். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வருஷக்கணக்காக அதை அரித்திருக்கின்றன, வலியே இல்லாததால் எனக்குத் தெரியவில்லை, பாதிக்கு மேல் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. ஆயுசெல்லாம் குழாய் ரிப்பேர் செய்தவன் நான், எனக்குத் தெரியாத சல்லடையா? அடைத்துக்கொண்டால் தண்ணீரை வேகமாக விடணும், அவ்வளவுதானே என்று வீட்டுக்கு வந்து குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்தேன் குடித்தேன் அப்படிக் குடித்தேன். மறுநாள் கால் செருப்புக்குள்ளே போகமாட்டேங்குது, மூச்சு வாங்குது. உன் அக்கா, "ஏங்க, கிட்னி என்ன நம்ம வீட்டு சிங்க்கா?" என்று கத்திக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினாள். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயா, இது அடைப்பு இல்ல, தேய்மானம். வர்ற தண்ணிய வெளியேத்த அதுக்குத் தெம்பு இல்ல" என்றார். அப்புறம், "மூட்டுவலிக்கு என்ன போடுறீங்க?" என்றார். நீ வாங்கி அனுப்பும் மாத்திரையைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. அதைத் தினமும் விழுங்கினால் அதுவும் கிட்னியைத் தின்னுமாம்.

இப்போது அந்த மாத்திரை இல்லை, உப்பு பேருக்குத்தான், தண்ணீரைக்கூட உன் அக்காதான் அளந்து தருகிறாள். நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. "போனது போனதுதான் ஐயா. ஆனா மிச்சம் அப்படியே நிக்குது. இப்படியே பாத்துக்கிட்டா டயாலிசிஸ் இல்லாமலே ரொம்ப நாள் ஓட்டலாம்" என்றார் டாக்டரம்மா. சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த ஆளைப் பாக்கணும், கையை விடுங்க" என்றார்.

ஆகவே உன் கிட்னி உன்னிடமே இருக்கட்டும். எனக்காக லீவு போட்டு அலைய வேண்டாம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
தானே கையெழுத்துப் போடும் உன் மாமா

பின்குறிப்பு: உன் அக்கா இதைப் படித்துவிட்டுத் திடுக்கிட்டாள். முதுகுவலிக்கு நீயும் தினமும் அதே மாத்திரைதான் போடுகிறாயாமே? போன வாரம் செருப்பு பத்தவில்லை என்று பெரியது வாங்கினாயாமே? மேலே 'லீவு போட்டு அலைய வேண்டாம்' என்று எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். கஷ்டப்பட்டு எழுதியது, அடிக்க மனசு வரவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கிளம்பி வா, டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். பயப்படாதே, ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். வரும்போது பழைய செருப்பையும் எடுத்து வா. அது உன் காலில் மறுபடி ஏறுகிறவரைக்கும் உன்னை ஊருக்கு அனுப்பமாட்டோம்.