ஏற்றம் கணக்கில் வராது

போர்ட் பிளேரில், மரைன் ஹில் உச்சியில், தேங்காய்ச் சிரட்டை மேம்பாட்டு இயக்ககம் என்று ஒன்று உண்டு. இருபது வருடத்தில் சிரட்டை எவ்வளவு மேம்பட்டது என்று யாரும் கேட்டதில்லை; சிரட்டையும் புகார் கொடுத்ததில்லை. இப்படி நிம்மதியாக இருந்த அலுவலகத்தின் தலையில், பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு திடீரென்று வந்து விழுந்தது. காரணம், பக்கத்து இயக்ககத்து இயக்குநர் ஹைபிரிட் கார் வாங்கிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் வயிறு எரியும். பக்கத்து இயக்குநர் வாங்கினால் பூமி சூடாகும். இயக்குநர் திருநாவுக்கரசு அன்றைக்கே பதினோரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். துருவப் பனி உருகுவதும், கடல் மட்டம் உயர்வதும், தமக்கு ஒரு ஹைபிரிட் கார் இல்லாததும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை என்று அதில் ஐயந்திரிபற நிறுவப்பட்டிருந்தது.

சென்னையிலிருந்து கப்பலேறி கார் ஹேடோ துறைமுகத்தில் வந்து இறங்கியது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அன்றிலிருந்து இயக்குநர் 'கார்' என்று சொல்வதையே விட்டுவிட்டார். "நம்ம ஹைபிரிட்டை எடு" என்பார்.

எடுக்க வேண்டியவள் ஒச்சம்மா. ஆறு வருடமாகத் தினக்கூலி ஓட்டுநர். அலுவலகத்தின் இன்னொரு ஓட்டுநர் தம்பையா. பதினான்கு வருடமாகத் தினக்கூலி. பழைய டீசல் ஜீப் அவர் பொறுப்பில். "கியர் இல்லாத வண்டியில எனக்குக் கை சும்மா இருக்காது தங்கச்சி, நீயே வச்சுக்க" என்று புதுச் சாவியை அவர்தான் அவளிடம் கொடுத்தார்.

காரோடு கூடவே இன்னொன்றும் வந்திருந்தது: நிரந்தர ஓட்டுநர் பணியிடம், ஒன்று. பத்து வருடச் சேவை உள்ளவர்களுக்கு மட்டும்.

"அது அண்ணனுக்குத்தான்" என்றாள் ஒச்சம்மா, கேட்டவர்களிடமெல்லாம். "எனக்கு மஸ்டர் ரோல்ல பேரு இருந்தாப் போதும்." அந்தத் தினக்கூலிப் பட்டியலில் பேர் இல்லாவிட்டால் பாம்பூஃப்ளாட்டில் அவள் அம்மாவும் படிக்கிற தங்கையும் என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவள். வாதாடாமல் அவளுக்குச் சோறு இறங்காது. இந்த இரண்டும் தினக்கூலிக்கு வேண்டாத தகுதிகள்.

இரண்டே வாரத்தில் வண்டியின் மனசு அவளுக்குப் பிடிபட்டது. முட்டை மேல் கால் வைப்பதுபோல் ஆக்சிலேட்டரை மிதித்தாள். முன்னால் மாடு தெரிந்தால் தூரத்திலேயே காலை எடுத்தாள். பிரேக்கைக் கடைசியில் குத்தாமல் முன்கூட்டியே மெல்லத் தடவினாள். அதில் பாட்டரி ஏறியது. வாரம் தவறாமல் டயரில் காற்று பார்த்தாள். இயக்குநர் உள்ளே கூட்டத்தில் இருக்கும்போது, வந்தால் குளுகுளுவென்று இருக்கவேண்டும் என்று இரண்டு மணி நேரம் ஏ.சி. ஓடியதை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படியும் லிட்டருக்கு இருபத்தொன்று கொடுத்தது. மேடும் பள்ளமுமான இந்த ஊரில் அது சாதனை.

இந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: 'ஹைபிரிட் வாகனத்தின் ஆவரேஜ் எடுத்து உடனே அனுப்புக.'

இந்தத் தீவுகளில் மைலேஜ் என்று யாரும் சொல்வதில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு வங்காளி, தெலுங்கர், மலையாளி, நம்மவர் எல்லோரும் இந்திக்காரர்களைப் போல 'ஆவரேஜ்' என்றுதான் சொல்வார்கள். பெட்டிக்கடைக்காரருக்குக்கூட இது தெரியும். பிரிவு எழுத்தர் செந்தமிழனுக்கும் தெரியும். ஆனால் ஒரு சொல் கோப்புக்குள் வந்துவிட்டால் அதற்குத் தெருவில் இருக்கிற அர்த்தம் செல்லாது என்பது அவருடைய கொள்கை. பெயர்தான் செந்தமிழன், பேச்சில் பாதி இந்தி, மீதி எரிச்சல்.

"ஆவரேஜ் மத்லப், அதாவது, சராசரி" என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறினார். மலையிலிருந்து இறங்கும்போது, அந்தந்த நொடியின் ஆவரேஜைக் காட்டும் காரின் திரையைப் பார்த்தார். 99.9 என்று காட்டியது. எழுதிக்கொண்டார். திரும்பி ஏறும்போது பார்த்தார். 9 என்று காட்டியது. அதையும் எழுதினார். கூட்டினார். இரண்டால் வகுத்தார்.

"ஐம்பத்து நாலு புள்ளி நாலு அஞ்சு" என்றார்.

"சார், அப்படிப் போடக்கூடாது" என்றாள் ஒச்சம்மா.

"க்யோன்? ஏன், கூட்டல் தப்பா?"

"கூட்டல் சரி."

"வகுத்தல்?"

"அதுவும் சரி. ஆனா கணக்கு தப்பு. இறங்கறப்ப எஞ்சினே ஓடல சார். அந்தத் திரைக்கு அதுக்கு மேல எண் காட்டத் தெரியாது, அதான் 99.9-லயே நிக்குது. டாங்க்கை ரொப்பணும், நூறு கிலோமீட்டர் ஓட்டணும், திரும்ப ரொப்பணும், எத்தனை லிட்டர் புடிச்சுதோ அதால வகுக்கணும். பால்வாடிப் பிள்ளைக்குத் தெரியும்."

"படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஏற்றம், இறக்கம். டாங்க்குக்குக் கட்டம் இல்ல" என்று செந்தமிழன் கோப்பை மூடினார்.

54.45 மேலே போனது. மேலிடம் வியந்தது. பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு இயக்குநர் அறையில் மாட்டினார்கள். அதன் கீழ் நின்று திருநாவுக்கரசு வருவோர் போவோரிடம் கார்பன் பற்றிப் பேசினார்.

பாராட்டோடு பின்னிணைப்பு ஒன்றும் வந்தது. மாதம் எண்ணூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, 54.45 ஆவரேஜில், பதினைந்து லிட்டர் போதும்; இனி அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் தேதி ஹேடோவில், கப்பல் சரக்கு லாரிகளுக்கு நடுவே, வண்டி நின்றுவிட்டது. இயக்குநர் பின்சீட்டில் இருந்தார். ஏ.சி.யும் நின்றது. பூமி சூடாவதன் கொடுமையை அவர் நேரில் உணர்ந்தது அன்றுதான்.

மறுநாள் ஒச்சம்மாவுக்கு மெமோ. 'அரசால் பாராட்டப்பட்ட 54.45-க்கும் தங்களால் ஓட்டப்பட்ட 21-க்கும் இடைப்பட்ட பெட்ரோல் யாண்டுச் சென்றது? மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறின் தங்கள் பெயர் மஸ்டர் ரோலிலிருந்து நீக்கப்படும்.'

அதாவது திருட்டு. அந்தச் சொல்லைப் போடுவதற்கு மட்டும் தமிழில் கூச்சப்பட்டிருந்தார்கள்.

அவள் மூன்று நாள் காத்திருக்கவில்லை. மெமோவைக் கையில் பிடித்தபடி நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். செந்தமிழன் அங்கேதான் இருந்தார்.

"சார், உங்க எண்ணுப்படியே பாத்தாலும், ஒரு கிலோமீட்டர் இறங்கினா பத்து மில்லி. ஒரு கிலோமீட்டர் ஏறினா நூத்திப் பதினொரு மில்லி. ஆகமொத்தம் நூத்தி இருபத்தொரு மில்லியில ரெண்டு கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினாறரை. இதான் இந்த மலையோட கணக்கு. நான் இருபத்தொண்ணு குடுக்கறேன். எனக்கு மெமோவா குடுப்பீங்க? மெடல் குடுக்கணும்."

"சராசரி என்பது கணித விதி, ஒச்சம்மா" என்றார் திருநாவுக்கரசு வருத்தத்தோடு. "அதை நீயோ நானோ மாற்ற இயலாது."

"அப்படியா சார்? இந்த வாரம் ஒரு கப்பல் வந்துச்சு, ஒரு கப்பல் வரல. சராசரியா அரைக் கப்பல் வந்துச்சுன்னு ஹேடோவுல போயி பாதி அரிசி எறக்கச் சொல்லுவீங்களா?"

செந்தமிழனுக்கு இது கேள்வியா யோசனையா என்று விளங்கவில்லை. இயக்குநரைப் பார்த்தார்.

"அரசு 54.45 என்று ஏற்றுக்கொண்டாகிவிட்டது" என்றார் இயக்குநர். "பாராட்டுக் கடிதத்தைத் திருப்பி அனுப்பப் படிவம் கிடையாது. ஆகவே குறைபாடு எண்ணில் இல்லை. ஒன்று உன்னிடம் இருக்க வேண்டும், அல்லது..."

"மலைகிட்ட இருக்கு சார்!" ஒச்சம்மாவுக்கு நெற்றிவரை சூடேறிவிட்டது. "மலைக்கு மெமோ குடுங்க! இல்ல, ஒண்ணு செய்யுங்க. வண்டி எறங்கறது மட்டும் பெட்ரோல்ல எறங்கட்டும். ஏறும்போது தம்பையா அண்ணன் ஜீப்புல கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போகட்டும். ஜீப்பு குடிக்கிறது டீசல்தானே, அது வேற பதிவேடு. நான் உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றேன், பாட்டரியும் ஏறும். சென்னையிலேருந்து கப்பல்ல ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் சொட்டுப் பெட்ரோல் இல்லாம வந்துச்சே, அதையும் ஆவரேஜ்ல சேத்துக்குங்க!"

திருநாவுக்கரசு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செந்தமிழன்" என்றார் இயக்குநர் மெதுவாக. "எழுதிக்கொண்டீர்களா?"

"கப்பல் வரைக்கும் எழுதிட்டேன், சார்."

கிண்டல் என்பது கோப்பில் பதிவாகாத ஒரு தொனி. பதிவாவது சொற்கள் மட்டுமே. வெள்ளிக்கிழமை ஆணை வந்தது: 'ஏற்றம் மேற்படி வாகனத்தின் அலுவல் வரம்பில் வராது.' பெட்ரோல் பற்றிய மெமோ, நல்ல யோசனை வழங்கியமையைக் கருதி, கிடப்பில் போடப்பட்டது. கிடப்பில்தான், ரத்து இல்லை.

ஒச்சம்மா வாயைத் திறந்தாள். மஸ்டர் ரோலில் பேர் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதப் பெட்ரோல் கிடைத்த திங்கட்கிழமை முதல் ஊரார் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். ஹேடோவில் கழித்துப்போட்ட கப்பல் கயிற்றைக் கொண்டுவந்து தம்பையா ஜீப்பின் பின்னால் முடிச்சுப் போட்டார். ஜீப் முக்கி, முனகி, கறுப்புப் புகை கக்கி, மரைன் ஹில் ஏறியது. பின்னால் அரவமில்லாமல், புகையில்லாமல், சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் ஹைபிரிட் ஏறியது. ஒச்சம்மா ஆணைப்படி பிரேக்கில் கால் வைத்திருந்தாள். வண்டியைச் செய்தவன் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான். இயக்குநர் பின்சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் போகும் புகை மூக்கில் ஏறாமலிருக்க.

"தங்கச்சி, நீ பிரேக்கை மிதிக்கிறியா? ஜீப்புக்கு நெஞ்சு அடைக்குது" என்றார் தம்பையா முதல் நாள்.

"ஆர்டர் அண்ணே."

"ஆர்டரா? அப்ப சரி."

மரைன் ஹில்லில் ஹைபிரிட் வைத்திருந்த குடும்பங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முதலில் 99.9-ஐப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பிறகு 9-ஐ யாருமே பார்க்கக்கூடாது என்று, காரை மலையடியில் விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு ஏறினார்கள். ஆட்டோ குடிப்பது ஆட்டோக்காரனுடைய பெட்ரோல். அதற்கும் துருவப் பனிக்கும் சம்பந்தமில்லை. அப்படியானால் காலையில் இறங்குவதற்குக் கார் எப்படி மேலே வரும் என்று ஒரு பெரியவர் கேட்டார். அவரிடம் இருந்தது பெட்ரோல் கார். ஆகவே பதில் சொல்லப்படவில்லை.

அந்த மாதக் கடைசியில் பதினைந்து லிட்டரில் மிச்சமே இருந்தது. கப்பல் தூரமும் சேர்ந்ததில் அறிக்கை ஜொலித்தது. ஜீப்பின் ஆவரேஜ் மட்டும் பதினொன்றிலிருந்து நாலுக்கு வந்திருந்தது. அது வேறு பதிவேடு. ஆனால் வேறு பதிவேடுகளையும் யாராவது ஒருநாள் திறப்பார்கள்.

நிரந்தரப் பணியிடக் கோப்பு வந்த அன்று திறந்தார்கள். ஒச்சம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

"தகுதி பத்து வருடம்" என்று வாசித்தார் செந்தமிழன். "தம்பையா பதினாலு. ஒச்சம்மா ஆறு. பிரிவின் ஆவரேஜ் பத்து. ஆகவே ரெண்டு பேருக்கும் பத்து வருடம். ரெண்டு பேரும் தகுதி."

"சேவை சமமானால் திறமையைப் பார்க்க வேண்டும்" என்றார் திருநாவுக்கரசு. "ஓட்டும் வண்டியின் ஆவரேஜைப் பார்க்கிறோம். தம்பையா, நாலு. உனக்கு, நூற்று முப்பதுக்கு மேல். இடம் உனக்கு." கோப்பை அவள் பக்கம் திருப்பினார். "நீதான் கணக்கில் புலியாயிற்றே. ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல். கிடப்பில் இருக்கிற மெமோவையும் எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிப்போம். எனக்கொன்றும் அவசரமில்லை."

ஒச்சம்மா தாளைப் பார்த்தாள். பதினான்கும் ஆறும் இருபது. இரண்டால் வகுத்தால் பத்து. திரும்பவும் கூட்டிப் பார்த்தாள், எங்காவது பிசகியிருக்கும் என்று தேடுகிறவள்போல. நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. தங்கையின் கல்லூரியும், அம்மாவின் மாத்திரையும், மூன்று நாள் கெடுவும் அதைப் பிடித்து உள்ளே இழுத்தன.

"கூட்டல் சரி சார்" என்றாள்.

"வகுத்தல்?" என்றார் செந்தமிழன் ஆசையாக.

"அதுவும் சரி."

கையெழுத்துப் போட்டாள். நிரந்தர ஊழியரின் முதல் கையெழுத்து. பேனா நன்றாகவே எழுதியது.

கீழே மலையடியில், நிறுத்தியிருந்த ஹைபிரிட்டின் பக்கத்தில், தம்பையா கயிற்றோடு காத்திருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"என்ன தங்கச்சி, மேல இவ்வளவு நேரம்?"

"ஒண்ணுமில்லண்ணே. ஆவரேஜ் எடுத்தாங்க."

தம்பையாவின் முகம் சுருங்கியது. "நமக்கு எவ்வளவு வந்துச்சாம்?"

"பத்து."

"பத்தா!" தம்பையா ஜீப்பின் பானெட்டை அன்போடு தட்டினார். "அட, நாலுதான் வரும்னு ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல எனக்கு. உக்காரு உக்காரு, இழுத்துடுறேன்."