அட்டை வந்திட்டுதோ?

காத்திருப்பதற்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தால், எங்கள் அட்டை ஐயாவை நேர்முகத் தேர்வுகூட இல்லாமல் துணைவேந்தராக்கியிருப்பார்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு, வேலைக்குக் காத்திருந்தவர்கள் உண்டு, விசாவுக்குக் காத்திருந்து தலை நரைத்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர்கூட ஐயாவுக்குக் கிட்ட நிற்கமாட்டார்.

உள்துறைமுக வீதியில் என் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவருடையது. இறங்குதுறையில் சாமான் கணக்கெடுக்கும் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். சொந்தப் பெயர் ஓய்வூதியக் கந்தோருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் அட்டை ஐயா.

அவருடைய முன்னறையில் பழைய காலத்து வீட்டுக் கணினி ஒன்று இருந்தது. விசைப்பலகையே கணினி, அதைத் தொலைக்காட்சியில் இணைத்தால் படம் வரும். ஊருக்குத் திரும்பிய கப்பல்காரன் ஒருவன் விட்டுப்போனது. அந்தக் காலத்தில் ஒரு கம்பனியின் கணினியில் மற்றக் கம்பனிக் கணினிக்கு எழுதிய நிரல் ஓடாது. ஆனால் முதுகிலே, விளிம்பு பல்லுப்பல்லாக இருக்கும் ஒரு கார்ட்டைச் சொருகினால் ஓடும். ஐயா காத்திருந்தது அந்தக் கார்ட்டுக்குத்தான். அதை அப்படியே சொல்லியிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ தனித்தமிழ்க்காரர்.

"கார்ட் எண்டால் சீட்டு விளையாடுறது. இது அட்டை."

எங்கள் கரையில் அட்டை என்றால் ஒன்றே ஒன்றுதான், கடலட்டை. கடலின் அடியில் கிடக்கும். சுழியோடி எடுத்து, அவித்து, காயவைத்து, வெளிநாட்டுக்கு ஏற்றுவார்கள். நல்ல விலை. ஆகவே, "எனக்கு வெளியில இருந்து அட்டை வருகுது" என்று ஐயா சந்தைக்குள் நின்று சொன்னதும் ஊர் காதைத் தீட்டிக்கொண்டது.

முதலில் வந்தவர் கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும், எல்லாரும் நானா என்று கூப்பிடும் வியாபாரி. வாளியோடு வந்தார்.

"என்ன ஐயா இது, நம்மட கடல்ல இல்லாத அட்டையா? வெளிநாட்டுக்காரன் நம்மகிட்டத்தான் வாங்குறான். நீங்க அவன்கிட்ட வாங்குறீங்க! இந்தாங்க, இறக்கக்கண்டிக் கடல்ல எடுத்த சாமான்."

ஐயா வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "இது பொருந்தாது நானா. என்ரைக்குப் பின்பக்கம் பல்லு இருக்கவேணும்."

நானா அந்த வாரம் முழுவதும் பின்பக்கம் பல்லுள்ள அட்டையைப் பற்றிச் சுழியோடிகளிடம் விசாரித்துத் திரிந்தார்.

பிறகு மோட்டார் சைக்கிளில் கடற்றொழில் திணைக்களத்து அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். கிணற்றடியையும் தண்ணீர்த் தொட்டியையும் சுற்றிப் பார்த்தார்கள்.

"அட்டை இறக்குறீங்களாம்?"

"ஓம். இன்னும் வந்து சேரேல்லை."

"எவ்வளவு?"

"ஒண்டுதான்."

"ஒண்டை வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"பின்னால சொருகுவன்."

அவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

நானும் சிரித்தவன்தான். ஒருநாள் என் மருமகன் லப்டொப்போடு வந்து, "ஐயா, பழைய டிஸ்க் ஏதும் இருந்தால் தாங்கோ, இதில ஓட்டிக் காட்டிறன்" என்றான். அதுவரை அந்த வீட்டில் ஒரு டிஸ்க் இருப்பதே எனக்குத் தெரியாது. ஐயா எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். சேலைத் துண்டில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தார். காட்டினார். தொடவிடவில்லை.

"உம்மட லப்டொப்புக்கு அவளைத் தெரியுமோ, தம்பி?"

அவள் என்பது அவருடைய ஒரே மகள். பட்டணத்தில் கணினி வகுப்புக்குப் போனவள். அங்கே இருந்தது வேறு கம்பனிக் கணினி. அதில் தானாகவே ஏதோ எழுதி, டிஸ்க்கில் ஏற்றி, துள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வீட்டுக் கணினி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அழுதிருக்கிறாள். பிறகு ஒரு சஞ்சிகையில் விளம்பரம் கண்டு, "அப்பா, இந்தக் கார்ட் வந்தால் எங்கடையிலயும் ஓடும். அதுக்குப் பிறகுதான் உங்களுக்குக் காட்டுவன்" என்று சொல்லியிருக்கிறாள். ஐயா கம்பனிக்கு எழுதினார். விரைவில் வரும் என்று பதில் வந்தது. பிறகு கம்பனியே மூடப்பட்டது. அது சண்டையில் பாதைகள் பூட்டிக் கிடந்த காலம். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கொழும்புக்குக் கொண்டுபோக வழியிருக்கவில்லை. பதின்மூன்று வயதோடு போய்விட்டாள்.

அன்றைக்குப் பிறகு அட்டைப் பகிடிக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

கடைசியில் வெளிநாட்டில் யாரோ ஒரு பழங்கணினிப் பைத்தியம் அதே கார்ட்டைத் திரும்பச் செய்யப்போவதாக அறிவித்தான். என் கைபேசியில்தான் ஐயா அவனுக்குச் சொல்லிவைத்தார். அதன்பின் அவன் மாதம் ஒரு சாட்டுச் சொன்னான். சில்லு வரவில்லை, சோதனை பிழைத்துவிட்டது, மனைவிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. எனக்குக் கோபம் வரும், ஐயாவுக்கு வராது.

"பச்சைப்பிள்ளைக்காரனை அவசரப்படுத்தாதேங்கோ. பிள்ளைக்கு வசம்பு சுட்டு உரைச்சுக் குடுக்கச் சொல்லி எழுதுங்கோ."

வசம்புக்கு ஆங்கிலம் தேடி எழுதினேன். அவனும் நன்றி சொல்லிப் பதில் போட்டான்.

இதற்கிடையில் ஐயாவின் கை நடுங்கத் தொடங்கியது. கண்ணில் ஒன்று மங்கிவிட்டது. வீதியில் போகிறவர்களெல்லாம் மதிலுக்கு மேலால், "அட்டை வந்திட்டுதோ, ஐயா?" என்பார்கள். "வரும், வரும்" என்பார். எனக்குத்தான் பயம். அட்டை வர முந்தி மனிதர் போய்விடுவாரோ, அவர் இருந்தாலும் அந்த டிஸ்க் செத்திருக்குமோ என்று இரண்டு பயம்.

இந்த வருடம் சோளகக் காற்று அடிக்கும் நாளொன்றில் பொதி வந்தது. தபால் கந்தோருக்கு நான் கூட்டிப்போனேன். உள்ளே என்ன என்று அங்கே வேலைசெய்யும் பிள்ளை கேட்டாள். கார்ட் என்று சொல்லுங்கோ என்று எத்தனை தரம் சொல்லிக் கூட்டிப்போயிருப்பேன்! "அட்டை" என்றார் ஐயா. அவள் பொதியைத் தன்னிடமிருந்து சற்றுத் தள்ளிவைத்து, மெதுவாக மணந்து பார்த்தாள்.

"காய்ஞ்சதோ, ஈரமோ?"

வீட்டுக்கு வந்து அவரே சொருகினார். நடுங்கும் விரலுக்கு அது நேரமெடுத்தது. உதவப் போன என் கையைத் தட்டிவிட்டார். டிஸ்க்கைப் போட்டதும் கறகறவென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ஐயா என்னைப் பார்க்கவில்லை. எடுத்து, வேட்டியால் துடைத்து, திரும்பப் போட்டார். மறுபடியும் கறகற. பிறகு திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது.

யார் நீங்கள்?

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அப்பா என்று அடித்தார்.

அப்பா, கை கழுவினீங்களோ?

அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "இறங்குதுறையில இருந்து கிறீஸ் கையோட வருவன். தொடவே விடமாட்டாள்" என்றார். சொல்லிவிட்டுக் கதிரையைத் தள்ளி எழுந்து கிணற்றடிக்குப் போனார். சவுக்காரம் போட்டு, நகத்தையெல்லாம் உரைத்துக் கழுவிக்கொண்டு வந்து, ஓம் என்று அடித்தார்.

கேள்வி மறைந்தது. வெறும் கோடு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. அவள் எழுதியது அவ்வளவுதான்.

ஐயா திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டார். யார் நீங்கள்? அப்பா. கை கழுவினீங்களோ?

"இப்பதானே ஐயா கழுவினனீங்கள்? ஓம் எண்டு அடியுங்கோவன்."

"அது அப்பக் கேட்டது. இப்பவும் கேக்கிறாள்தானே."

எழும்பினார். நானும் கூடப் போய், வாளியில் அள்ளி அவர் கையில் தண்ணீர் வார்த்துவிட்டேன்.