துரையைத் தாண்டாத பந்து

எல்ஸி சொன்ன அந்த விஷயத்தை ஏழு வருடமாகச் சந்தேகித்து வருகிறேன். எல்ஸி என் மனைவி. இத்தனை நாள் கேட்காமல் இருந்தது பயத்தினாலா, ஆசையினாலா என்று எனக்கே விளங்கவில்லை.

1922. மலாயாவில் லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. பெரிய கிராணி ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவர் நாற்காலி காலி. அந்தச் சமயம் பார்த்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டார். கோலா கங்சாரிலிருந்து வரவேண்டிய கூட்டாளிக்குக் காய்ச்சலாம். சனிக்கிழமை அவருக்குப் பதிலாகத் துரையோடு கோல்ப் ஆட நான் வரவேண்டுமாம்.

ஒரே அடியில் துரையைப் பிரமிக்க வைத்து நாற்காலியைப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். ஈப்போவுக்கு ஓடினேன். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் இரண்டு பந்து காட்டினார். பழகுகிறவர்களுக்கு லேசானது. கைதேர்ந்தவர்களுக்குக் கனமானது, அடித்தால் வெகுதூரம் போகும். நான் கனமானதை வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் குடையைத் தலைகீழாகப் பிடித்து வீசிப் பழகினேன்.

"ஏங்க, இதுக்கு முன்னாடி எத்தன தடவ ஆடியிருக்கீங்க?"

"ஆடினதில்ல. துரைங்க ஆடும்போது பார்த்திருக்கேன்."

"அப்போ லேசானத வாங்க வேண்டியதுதானே?"

"என் கை அப்படி, எல்ஸி. ரப்பர் பால் வாளி நிறுக்குற கை."

"பேனா புடிக்கிற கைதானே அது."

"நீ வேணா பாரு. துரை பந்தத் தாண்டித்தான் விழும்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"துரை எதிர்ல வந்தா சைக்கிள விட்டு இறங்குறீங்கல்ல?"

"அது வழக்கம்."

"குடைய மடக்குறீங்க."

"அதுவும் வழக்கம்தான்."

"அப்போ ஒங்க பந்து மட்டும் அவரத் தாண்டிப் போலாமா? நாற்காலி வேணுமா, வேணாமா?"

பெண்களுக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, பந்தை பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன்.

சனிக்கிழமை. துரை அடித்தார். பந்து ஈயச் சுரங்கக் குட்டையைத் தாண்டி மேட்டில் விழுந்தது. நான் அடித்தேன். என் பந்து பத்தடி உருண்டது. கொஞ்சம் யோசித்தது. பிறகு குட்டையில் இறங்கிக் கல்லாக முங்கியது.

துரை மட்டையைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வேலையே போயிற்று என்று நினைத்தேன். திங்கட்கிழமை என்னைப் பெரிய கிராணி ஆக்கினார். நாற்காலி கிடைத்தும், பந்து முங்கிய வெட்கம் போகவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஒரு அதிர்ச்சி.

"மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க. கனத்தத எடுத்துட்டு, லேசான பந்த டின்னுல போட்டது நான்தான். பக்கத்து வீட்டு ஆம்புரோஸ் அண்ணன்கிட்ட சொல்லி ஈப்போவுல வாங்குனேன். அது எங்க தாண்டும்?"

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கோபமெல்லாம் வெளியேதான். உள்ளுக்குள் அப்படியொரு நிம்மதி. குற்றம் என் கையில் இல்லை. அசல் பந்து மட்டும் இருந்திருந்தால் துரையை எங்கோ தாண்டியிருப்பேன் என்று தாப்பா ஊர் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனாலும் அவள் முகத்தில் அன்று தெரிந்தது குறும்பா, இரக்கமா என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

நேற்று ஈப்போவில் அதே கடைக்காரரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் சொன்னார்: அந்த லேசான பந்து தண்ணீரில் மிதக்குமாம். அழுத்தினாலும் முங்காதாம்.

அன்று என் பந்து கல்லாக முங்கியதே! வீட்டுக்கு வந்தேன். எல்ஸி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்:

"எல்ஸி, அன்னிக்கு நெசமாவே நீ பந்த மாத்துனியா, இல்ல நான் அடிச்ச லட்சணமே அவ்வளவுதானா?"