சார்ஜன்ட் கூட நடந்த காவடி

குணா அண்ணே, இன்றைக்கு வரைக்கும் உன் தம்பி போலீஸ் லோக்காப் கம்பியை உள்ளே இருந்து பார்த்ததில்லை. என்னைப் போல வாய்க்கொழுப்பு பிடித்தவனுக்கு இது பெரிய சாதனை. அதில் என் பங்கு ஒன்றும் கிடையாது, முழுக்க உன்னுடையதுதான். ஒரே ஒரு தைப்பூசத்தில் மட்டும் அந்தச் சாதனை கைவிட்டுப் போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். நீ இருந்திருந்தால் "ஏன்டா இப்படி மானத்த வாங்குற?" என்று கேட்டிருப்பாய். கேட்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஈப்போவில் ஒரு டயர் கடையில் வேலை. (எழுத்துல தப்பு இருந்தா, ரோட்டுல குழின்னு நெனச்சு ஏறி எறங்கிப் போயிருங்க.)

என் அண்ணன் குணாவுக்கு இந்த உலகத்தில் இரண்டே பயம். ஒன்று அம்மா, இன்னொன்று போலீஸ். லாரி ஓட்டுகிறவன், தோள் இரண்டும் கதவு அகலம். ஆனால் போலீஸ் கார் பக்கத்தில் வந்தால் நின்றிருக்கிற லாரியிலேயே பெல்ட்டைப் போட்டுக்கொள்வான். காரணம் இருக்கிறது. சின்ன வயதில் ஒரு திருவிழாவில் யாரோ இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் போலீஸைக் கண்டதும் ஓடினான். ஓடியதால் பிடித்தார்கள்.

"அடிச்சவன் ரெண்டு பேரும் மோர் குடிச்சிக்கிட்டு நின்னானுங்கடா. ஓடின நான்தான் உள்ள. விடியிற வரைக்கும் ஈர வேட்டியோட, கொசுவுக்குப் பிரசாதமா உக்காந்திருந்தேன்."

அன்றிலிருந்து எந்தத் திருவிழா வந்தாலும் எங்கள் புந்தோங் வீட்டுக்கு அவன்தான் வக்கீல். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பே பாடம் ஆரம்பித்துவிடும்.

"ஐசி கார்ட எடுத்துக்க, யாருன்னு கேட்டா காட்டணும். தண்ணி போட்டவன் எவனும் நம்ம கூட்டத்துல வரக்கூடாது, அவன் மச்சானா இருந்தாலும் சரி. சினிமாப் பாட்டு வேணாம். கத்தி, பாராங், கம்பு எதுவும் கையில இருக்கக்கூடாது. போலீஸ் கூப்பிட்டா நில்லு. துவான்னு மரியாதையா பேசு. ஓடாத. எந்தக் காரணத்துக்கும் ஓடாதடா தினேசு."

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். (தலையாட்டுறதுல நான் எப்பவுமே ஃபர்ஸ்ட் கிளாஸ் லா.)

அந்த வருடம் அண்ணன் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தான். அம்மாவுக்கு இருதய ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தால், தோளில் பால்காவடி, முதுகில் கொக்கி என்று வேண்டுதல். அம்மா எழுந்து நடந்தார். சட்டி கழுவவில்லை என்று என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டார். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார், இனி எங்கள் பங்கு.

முதுகில் கொக்கி மாட்டினால் அதில் கயிறு கட்டி, பின்னால் ஒருவன் பிடித்து இழுத்துக்கொண்டே வரவேண்டும். காவடிக்காரர் முன்னால் இழுப்பார், கயிறு பிடிக்கிறவன் பின்னால் சாய்வான். கயிறு தளர்ந்தால் கொக்கி ஆடி வலிக்கும். குகைக்கோயில் வாசலில் கொக்கியைக் கழற்றும்வரை கயிற்றை விடக்கூடாது. பாதியில் விட்டால் வேண்டுதலும் பாதியில் நின்ற மாதிரி என்பது அம்மாவின் சட்டம். அந்த வேலையை அண்ணன் என்னிடம் கொடுத்தான். நான் அடைந்த பெருமைக்கு அளவே இல்லை. ஒரு வாரம் டயர் கடையில் கயிறு கட்டி லாரி டயரை இழுத்துப் பழகினேன்.

புறப்படுகிற அன்று காலையில் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றைக் கையில் வைத்தார். செத்துப்போன எங்கள் அப்பாவின் பால்வெட்டுக் கத்தி. சுங்கை சிப்புட் பக்கத்தில் அவர் ரப்பர் மரம் சீவிய தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மிச்சம் இருப்பது இந்த வளைந்த மூக்குக் கத்தி மட்டும்தான். தோட்டத்துக் கோயிலில் காவடி புறப்படும்போது அப்பா இதில்தான் எலுமிச்சம்பழம் வெட்டிப் போடுவாராம். சோறு போட்ட கத்தி என்று அதற்குத் தனி மரியாதை.

"இதுலதான் வெட்டணும். ஒங்கண்ணங்கிட்ட சொல்லாத, கத்துவான்."

"கத்தி எடுத்துட்டு வரக்கூடாதுன்னு சொன்னானேம்மா."

"இது எங்கடா கத்தி? சாமி சாமான்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாராங் என்றால் கத்தி. அருவாள் என்றால் கத்தி. அப்பா படத்துக்குப் பக்கத்தில், விபூதி பூசி, பூ வைத்திருக்கிற ஒன்றை யாராவது கத்தி என்று சொல்வார்களா? (சொல்வாங்க. ஒரு சார்ஜன்ட் சொன்னாரு.)

அண்ணனுக்குக் கொக்கி மாட்டி முடிந்ததும், அவன் முதுகுக்குப் பின்னால் நான் எலுமிச்சம்பழத்தை வெட்டினேன். நசுக்கினேன் என்று சொல்வதுதான் உண்மை. பிறகு கத்தியை இடுப்புச் சிவப்புத் துண்டில் பின்பக்கமாகச் செருகிக்கொண்டேன். கயிற்றை இரண்டு கையிலும் சுற்றினேன். உறுமி மேளம் ஆரம்பித்தது. "வேல் வேல்!"

நான் ரொம்ப நன்றாக இழுத்தேன். பின்னால் வருகிறவர்கள் என் முதுகைக் காட்டிக் காட்டிச் சிரித்துப் பேசினார்கள். என் இழுவையைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் சாய்ந்தேன். சாயச் சாய சட்டை மேலே ஏறியது. இடுப்பிலிருந்து கத்தி வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு முச்சந்தியில் போலீஸ் கூடாரம். அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்புத் துண்டைப் பிடித்தது. திரும்பினேன். நரைத்த மீசையோடு ஒரு மலாய் சார்ஜன்ட்.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டார். கத்தி இப்போது அவர் கையில்.

எனக்கு இருந்த மலாய் எல்லாம் அந்த நிமிடமே ராஜினாமா செய்துவிட்டது. "துவான்... லிமாவ்..." என்றேன். எலுமிச்சம்பழம் என்று அர்த்தம். கத்தியைக் காட்டிக் கேட்டால் எலுமிச்சம்பழம் என்கிறானே என்று அவர் என்னை முறைத்தார்.

"பொது இடத்துல ஆயுதம். கயித்த விட்டுட்டு வா. பாலாய் போவோம்."

பாலாய் என்றால் போலீஸ் நிலையம். எனக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கம் கயிறு வழியாக நேராக அண்ணன் முதுகுக்குப் போனது. அவன் நின்றுவிட்டான். ஓடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எங்கே ஓடுவது? நான் ஓடினால் அண்ணனும் பின்னாலேயே வருவான், கொக்கியோடு, காவடியோடு, பாலோடு.

நான் நடுங்குவதைப் பார்த்த பச்சைச் சேலை அக்கா ஒருவர், "ஐயோ, தம்பிக்கு அருள் வந்துருச்சு!" என்று கூவி, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் கொட்டினார். பாதி சார்ஜன்ட் சட்டையில் விழுந்தது. அரசாங்கச் சட்டை மஞ்சளாகியது. இனிமேல் தூக்குதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அம்மா ஓடி வந்தார். நெஞ்சில் கை வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு லோக்காப் மறந்து போனது. அந்த நெஞ்சுக்காகத்தானே இந்தக் காவடி! "துவான், கயிறு விட முடியாது துவான். சாமி குத்தம் ஆயிரும்," என்று தமிழிலேயே கெஞ்சினார்.

அப்போது முன்னால் இருந்து ஒரு முனகல் கேட்டது. அண்ணன் கண் பாதி மூடி, அருளில் ஆடிக்கொண்டிருக்கிறான். உதடு மட்டும் ஓரமாக அசைகிறது.

"கயித்த விடாதடா. ஓடாத. துவான்னு சொன்னியா?"

"சொன்னேன்ணே."

"கையில என்ன வச்சிருந்த?"

"அப்பா கத்திண்ணே."

சாமியின் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது.

பச்சைச் சேலை அக்கா முன்னால் வந்து கும்பிட்டார். "சாமி வாக்கு சொல்லுது! எம் மகளுக்கு எப்ப சாமி கல்யாணம் ஆகும்?"

"ஆகும்மா, ஆகும். கொஞ்சம் தள்ளி நில்லு," என்றது சாமி.

அடுத்து நடந்ததை இன்னும் எங்கள் பக்கத்தில் நடித்துக் காட்டுகிறார்கள். உறுமி வேகமாகியது. அண்ணன் ஆட்டமும் வேகமாகியது. ஆடிக்கொண்டே என்னையும் சார்ஜன்டையும் சுற்றி ஒரு வட்டம் வந்தான். இன்னொரு வட்டம். கயிறும் கூடவே சுற்றியது. மேளம் நின்றபோது நானும் சார்ஜன்டும் ஒரே கட்டில் இருந்தோம், மீசை என் நெற்றியில் குத்த. சட்டப்படி யார் யாரைக் கைது செய்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

(வேணும்னே செஞ்சியான்னு பின்னால கேட்டேன். "முருகன் சுத்தச் சொன்னாரு, சுத்தினேன்"னு முடிச்சிட்டான்.)

சார்ஜன்ட் மெதுவாகக் கயிற்றைத் தூக்கி வெளியே வந்தார். அண்ணன் முதுகைப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "இந்தக் கயித்த எப்ப விடலாம்?" என்றார்.

"கோயில்ல துவான்."

"சரி. நட. அங்க பேசிக்கலாம்."

அப்படித்தான் எங்கள் காவடிக்குப் போலீஸ் காவல் கிடைத்தது. அண்ணனைக் கயிற்றில் நான் பிடித்திருந்தேன், என்னைத் துண்டில் சார்ஜன்ட் பிடித்திருந்தார். அவர் ஒரு கை காட்டினால் கூட்டம் விலகியது. எங்களுக்கு முன்னால் கிளம்பியவர்களை எல்லாம் தாண்டிப் போனோம். "யார் வீட்டுக் காவடிப்பா, சார்ஜன்டே வாராரு?" என்று வழியெல்லாம் பேச்சு. அம்மா நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, மந்திரி வீட்டு அம்மா போலத் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

கோயில் வாசலில் கொக்கியைக் கழற்றினார்கள். பால் சாமிக்குப் போய்ச் சேர்ந்தது. நான் கயிற்றை விட்டேன், விலங்குக்குக் கையை நீட்டினேன். அண்ணன் முதுகில் விபூதியோடு வந்து எனக்கு முன்னால் நின்றான். போலீஸைக் கண்டால் நடுங்குகிற என் அண்ணன்.

"கத்தி என்னோடது துவான். அவனுக்கு ஒன்னும் தெரியாது. என்னைப் புடிச்சிட்டுப் போங்க."

"இல்ல, நான்தான் குடுத்தேன். என்னோடது," என்றார் அம்மா.

"என்னோடதுதான் துவான், என் இடுப்புலதான இருந்துச்சு," என்றேன் நான்.

சார்ஜன்ட் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஒரு கத்திக்கு மூணு முதலாளியா?" என்றார். பக்கத்துத் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, கத்தியை வைத்து அழுத்தினார். பழம் வழுக்கி ஓடியது. மறுபடி அழுத்தினார். நசுங்கியது. மீசைக்குள் சிரித்துவிட்டார்.

"எங்கப்பாவும் ரப்பர் வெட்டினவருதான். கத்திய இப்படி மொக்கையா வச்சிருந்தா என் தோல உரிச்சிருப்பாரு." கத்தியை அம்மா கையில் கொடுத்து, மாச்சே, அதாவது அத்தை, என்று மரியாதையாகக் கூப்பிட்டார். "மாச்சே, இத சாமி படத்துக்கிட்ட வைங்க. கூட்டத்துக்குள்ள கொண்டு வராதீங்க. வேற யாராவது பார்த்திருந்தா இவன் இப்ப உள்ள. புரியுதா?"

புரிந்தது. மூவரும் ஒன்றாகச் சொன்னோம்: "புரியுது துவான்!" அம்மா அவரை விடவில்லை. பந்தலில் உட்கார வைத்து, மஞ்சள் சட்டையோடு தயிர்ச் சோறு சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். அன்று சாயங்காலம் அண்ணன் எங்கள் தெருவில் நடந்த நடை இருக்கிறதே, தேர் கூட அப்படி நடக்காது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தைப்பூசத்திலும் அந்த முச்சந்தியில் சார்ஜன்ட் கையை நீட்டி "கத்தி எங்க?" என்பார். நாங்கள் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டுவோம். வீட்டில் பரீட்சை, கடன், காய்ச்சல் எது வந்தாலும் ஒரே வசனம்தான்: "கயித்த விடாதடா."

போன வருடம் அண்ணனுக்கு டெங்கி வந்தது. ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பார்க்கிற நேரம் முடிந்தது, வெளியே போங்கள் என்றார் தாதி. அண்ணன் கண்ணைத் திறக்காமல் உதட்டு ஓரத்தில் அதையே சொன்னான். நான் சிரித்தேன், தாதி முறைத்தார். அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

இந்தத் தைப்பூசத்தில் நான் பால்குடம் எடுத்தேன். ஐசி இருந்தது, கத்தி இல்லை. முச்சந்தியில் சார்ஜன்ட் வழக்கம்போலக் கையை நீட்டினார். பிறகு எனக்கு முன்னால் தேடினார், பின்னால் தேடினார்.

"அபாங் எங்க?" என்றார். அபாங் என்றால் அண்ணன்.

சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொல்லிவிட்டு என்னோடு நடக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை என் துண்டைப் பிடிக்கவில்லை. கூட்டம் விலகியது. அம்மா மறுபடியும் மந்திரி வீட்டு அம்மா போல நடந்தார். பால் ஒரு சொட்டுச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது.

அண்ணே, நான் விடலைண்ணே.

இதைப் படித்துச் சிரித்தவர்கள், சிரிக்காதவர்கள் எல்லாரும் என் அண்ணன் குணசேகரனுக்காக ஒரு நிமிடம் கும்பிட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சாமியாக இருந்தாலும் சரி. அவன் போன இடத்தில் யாரும் அவனைத் துரத்தக்கூடாது, அவனும் ஓடக்கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள்.