தங்கபுஷ்பத்தின் உயிரியல் தேர்வு

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் எருக்கஞ்செடி ஒன்றில், தங்கபுஷ்பம் என்ற புழு குடியிருந்தாள். காட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாளராகச் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குக் கல்லூரி உயிரியல் முதல் தாளில் பாஸ் செய்திருக்க வேண்டும். கல்லூரியோ மலைக்கு அந்தப் பக்கம். ஒரு புழு நடந்து போய்ச் சேர்வதற்குள் வருடம் முடிந்துவிடும். ஆகவே ஆன்லைனில் சேர்ந்தாள். பதினாறு காலும் தெரிகிற மாதிரி நின்று போட்டோ எடுத்து ஏற்றினாள்.

பாடம் நடத்தியவர் பேராசிரியர் ஓணான். பேசும்போது ஓயாமல் தலையாட்டுவார். தலையாட்டல் நின்றால் நெட் போய்விட்டது என்று மாணவர்கள் புரிந்துகொள்வார்கள்.

தங்கபுஷ்பம் விழுந்து விழுந்து படித்தாள். செல் சுவர், ஒளிச்சேர்க்கை, இரத்த ஓட்டம் எல்லாம் மனப்பாடம். இரத்த ஓட்டம் படித்த அன்றுதான் அவளுக்கு உடம்பு என்னவோ செய்தது. தோல் இறுகியது. தலைகீழாகத் தொங்க வேண்டும்போல் இருந்தது.

பக்கத்து இலையில் இருந்த நத்தை கோமளத்தைக் கூப்பிட்டாள். கோமளமும் அதே வகுப்புதான்.

"அக்கா, நான் பத்து நாளைக்குக் கூட்டுக்குள்ள போகணும். லீவு ஃபாரத்துல காய்ச்சல், கல்யாணம், சாவு மூணுதான் இருக்கு. எதை டிக் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதே. உன் கேமராவைத் திறந்தே வை. நீ பாட்டுக்குத் தொங்கு" என்றாள் கோமளம்.

பத்து நாளும் கேமரா முன்னால் ஒரு கூடு ஆடாமல் அசையாமல் தொங்கியது. வருகைப்பதிவு நூற்றுக்கு நூறு. "இப்படியொரு கவனமான மாணவியை நான் பார்த்ததில்லை" என்று ஓணான் தலையாட்டினார்.

பதினோராம் நாள் கூடு வெடித்தது. தங்கபுஷ்பம் செம்மஞ்சள் சிறகோடு வெளியே வந்தாள். அன்றைக்குத்தான் தேர்வு. சிறகு காய்வதற்குள் ஓடிவந்து கேமரா முன் உட்கார்ந்தாள்.

'உங்களுக்குப் பதில் வேறொருவர் தேர்வு எழுத முயல்கிறார்' என்று திரை சிவந்தது. தேர்வு மூடிக்கொண்டது.

உதவி மையத்துக்குப் போன் போட்டாள். கிளி எடுத்தது.

"போட்டோவுல பதினாறு கால் இருக்கு மேடம். உங்களுக்கு ஆறுதான் தெரியுது."

"புழு பட்டாம்பூச்சி ஆகும்ங்க! உங்க ஏழாவது பாடமே அதுதான்!"

"அது பாடம் மேடம். இது ரூல்."

"சரி, போட்டோவை மாத்துங்க."

"விண்ணப்பம் கொடுங்க. ஆறு மாசத்துல மாறிடும்."

"என் ஆயுசே இன்னும் மூணு வாரந்தாங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

"துணைத்தேர்வு ரெண்டு வாரத்துல இருக்கு மேடம். பழைய முகத்தோட வாங்க."

ஓணானிடம் முறையிட்டாள். "நீ சொல்வது அறிவியல்படி முழுக்கச் சரி" என்று தலையாட்டினார். "ஆனால் அறிவியலுக்கு லாகின் கிடையாதே, அம்மா."

அழுதபடி எருக்கம்பூவில் போய் உட்கார்ந்தாள். அங்கே பட்டாம்பூச்சி ஒருவன் தேன் குடித்துக்கொண்டிருந்தான். பெயர் மாணிக்கவேலு. ஆறுதல் சொன்னான். நல்லவனாகத் தெரிந்தான். சாயங்காலத்துக்குள் கல்யாணம் முடிந்தது. மறுநாள் முட்டையிட்டாள். நான்காம் நாள் மகள் பிறந்தாள். செல்லக்கிளி என்று பெயர் வைத்தார்கள். குழந்தை இலையைத் தின்று தின்று வளர்ந்தது.

ஒருநாள் கோமளம் குழந்தையைப் பார்க்க வந்தாள். போனிலிருந்த பழைய போட்டோவைப் பார்த்தாள். மறுபடி குழந்தையைப் பார்த்தாள். தங்கபுஷ்பமும் பார்த்தாள்.

துணைத்தேர்வு அன்று கேமரா முன் செல்லக்கிளி உட்கார்ந்தாள். பின்னால் சிறகை விரித்து அசையாமல் நின்றாள் அம்மா. திரை அவளைப் பூ என்று எடுத்துக்கொண்டது. 'அடையாளம் உறுதி' என்று பச்சை விளக்கு எரிந்தது.

முதல் கேள்வி: பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்குக.

"அம்மா, புழு பெரிசானா என்ன ஆகும்?" என்று குழந்தை கிசுகிசுத்தது.

"நான் சொல்லச் சொல்ல எழுதுடா கண்ணு. நிஜமா தெரிஞ்சுக்க உனக்கு இன்னும் நாலு நாள் இருக்கு."

தொண்ணூற்றெட்டு மார்க் வந்தது. தங்கபுஷ்பம் மறுநாளே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். சான்றிதழோடு கல்லூரி ஒரு பாராட்டுக் கடிதமும் அனுப்பியிருந்தது. 'படிப்புக் காலம் முழுவதும் எந்த மாற்றமும் அடையாத மாணவி' என்று அதில் எழுதியிருந்தது.

நீதி: தேர்வு முடியும்வரை யாரும் வளரக் கூடாது. வளர்ந்தே தீருவேன் என்பவர்கள், தம்மைப்போலவே ஒரு பிள்ளையை உடனே பெற்றுக்கொள்ளவும்.