நான்காவது சாவுக்கு நேரில் வரவும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். உங்கள் நலமும் அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். இதை யார் எழுதிக் கொடுத்தது என்று தேட வேண்டாம், நானேதான். வரும் வெள்ளிக்கிழமை மாலை பல்கலைக்கழக நாடக அரங்கத்தில் நான் நான்காவது முறையாகச் சாகிறேன். குடும்பத்தோடு வந்து சிறப்பிக்கவும்.

விவரம் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் நடக்கும் எங்கள் முதியோர் கல்வி வகுப்புக்குப் போகும் வழியில் கதவுக்குக் கதவு ஒரு பலகை. எழுத்து தெரிந்த பிறகு எதையும் படிக்காமல் தாண்ட மனம் வருவதில்லை. ‘ஒத்திகை நடக்கிறது, உள்ளே வராதீர்கள்’ என்று ஒரு கதவில் சாய்ந்தபடி எழுத்துக் கூட்டினேன், படித்து முடித்தபோது உள்ளே இருந்தேன். அங்கே நாடக ஆசிரியை ஒரு மாணவன் தலையில் மாவைக் கொட்டி அவனைக் கிழவனாக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மாவைக் கீழே வைத்தார்.

“ஐயா, அசையாம படுக்கத் தெரியுமா?”

“வேலையிலிருந்து நின்னதுலேருந்து அதுதாம்மா தொழிலே.”

இந்தப் பருவத்தில் நான்கு நாடகங்களாம். நான்கிலும் ஒரு கிழவர் செத்தால்தான் கதை நகருமாம். எழுதியவர்களுக்கு எங்கள் மேல் என்ன கோபமோ.

முதல் நாடகத்தில் நான் வியாபாரி. நன்றாகத்தான் செத்தேன். மகனாக நடித்தவன் மேலே விழுந்து அழுதபோது உங்கள் தங்கை கூட்டத்திலிருந்து எழுந்து, “தம்பி, பாத்து அழுப்பா, அவருக்கு இடுப்பு வலி!” என்று கத்தினாள். அது என் குற்றமில்லை. இரண்டாவதில் அரசர். கட்டிலை மாற்றிப் போட்டதால் நேர் எதிரே பச்சை விளக்கில் ‘அவசர வழி’ பலகை, மூடிய கண்ணுக்குள்ளேயே வெளிச்சம் வருகிறது, சரி, என்னதான் போட்டிருக்கிறது என்று லேசாகத் திறந்தேன். எனக்கு வாய் அசையாமல் படிக்க இன்னும் வராது மச்சான். அரசியார் மார்பில் அடித்துக்கொண்டு அழ, செத்த அரசர் “அ... வ... ச... ர...” என்கிறார். முன் வரிசையில் ஒருவர், “ராஜாவுக்கு அவசரமாம், வழி விடுங்கப்பா” என்றார். மூன்றாவதில் நீதிபதி. பலகையைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் வக்கீலாக வந்த பெண் குனிந்தபோது புதுக் கோட்டின் சீட்டு என் மூக்கு முன்னால் ஆடியது. ‘வெந்நீரில் துவைக்கக் கூடாது.’ எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டேன், எனக்கே ஆச்சரியம். நீதிபதியின் கடைசி ஆசை அதுதான் என்று சொல்லி அவள் சமாளித்தாள், கெட்டிக்காரி.

“ஐயா, இன்னொரு தடவை வாய் அசைஞ்சா, சாக்குல பழந்துணிய அடைச்சுப் படுக்க வெச்சிடுவேன்” என்று ஆசிரியை சொல்லிவிட்டார். சாக்கிடம் தோற்கலாமா? “எழுபது வயசுல படிச்சு என்ன பண்ணப் போறீங்க மாப்ள?” என்று நீங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டீர்களே, அதற்காகவாவது நான் மேடையில் இருப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்கப் படிக்காமல் இருந்தவன் ஒரு மணி நேரம் படிக்காமல் இருக்க மாட்டேனா?

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அரங்கத்தில் படிகள் அதிகம், அக்காவின் கையைப் பிடித்து அழைத்து வரவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன் (சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு: நான் சாகவில்லை. நான் மெதுவாக எழுதுகிறேன், அவர்கள் வேகமாக முடிவெடுக்கிறார்கள். நேற்று ஒத்திகையில் எனக்காகக் காத்திருந்த உங்கள் தங்கை அந்தக் கட்டிலில் சற்றுச் சாய்ந்தாள். மேடையில் இடி இடித்தது, மாணவர்கள் சுற்றி நின்று கதறினார்கள், அவள் இமைகூட அசையவில்லை. கிழவரைக் கிழவி என்று கதையையே மாற்றிவிட்டார்கள். என் கையில் ஒரு தாளைக் கொடுத்து, திரை விலகுமுன் சபைக்கு முன்னால் நின்று, ‘அன்பார்ந்த பார்வையாளர்களே, கைப்பேசிகளை அணைத்து வையுங்கள்’ என்று வாசிக்கச் சொன்னார் ஆசிரியை. வாய் தாராளமாக அசையலாமாம். ஆகவே மச்சான், முன்கூட்டியே வந்து உட்காரவும். தாமதமாக வந்தால் உங்கள் தங்கை சாவதை மட்டும்தான் பார்க்க முடியும்.