ஒரு நூல் வித்தியாசம் இல்லாத ஆஸ்பத்திரி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு சில ஆயிரம் ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, நம் சீஃப் இன்ஜினீயரைக் கண்டுபிடித்தது. ஆஸ்பத்திரியைத் தொழிற்சாலையில் செய்து, அறை அறையாக லாரியில் ஏற்றிவந்து அடுக்கிவிடலாம் என்று சொன்ன மகான் அவர். அலுவலகத்தில் அவரை முகத்துக்கு நேரே 'சீஃப்' என்றும், முதுகுக்குப் பின்னால் 'டப்பா' என்றும் அழைத்தார்கள். இரண்டுமே அவருக்குத் தெரியும். இரண்டாவதையும் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

செங்கல் இல்லை, தூசி இல்லை, கொத்தனார் டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை என்ற புகாரும் இல்லை. கட்டில், விளக்கு, குழாய், படுத்திருப்பவர் கண்ணில் படும்படி கதவுக்கு மேலே 'வடிவமைத்தவர்' என்று அவருடைய சிரித்த படம், எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்தியாகிவிடும். கிரேன் தூக்கி வைத்தால் வார்டு. லாரி கொண்ட அகலம் அறைக்கு. அறையில் மிஞ்சிய அகலம் கதவுக்கு.

"அறைக்கு அறை ஒரு நூல் வித்தியாசம் இருக்காது!" என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கினார்.

சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மீது காப்பி டம்ளரை வைத்துவிட்டு மனைவி கேட்டாள்: "ஏங்க, இந்தக் கதவுல கட்டில் போகுமா?"

"எதுக்குப் போகணும்? அதுதான் தொழிற்சாலையிலேயே உள்ளே வந்தாச்சே. நோயாளி மட்டும் வந்தா போதும்."

"வீடு மாறும்போது பீரோவை எடுக்க நிலைக்கதவைக் கழட்டினீங்களே..."

"பீரோவும் பொதுச் சுகாதாரமும் ஒண்ணா?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவ்வாறாக அறியாமை தோற்று, விஞ்ஞானம் வென்றது.

திறப்பு விழா அன்று, தாழ்வாரத்தில் விருந்தினர்களை நிறுத்தி, "ரெண்டு அறை சேர்ற இந்த இடத்தைப் பாருங்க. எறும்புகூட நுழையாது!" என்றார். எறும்பு நுழையவில்லை. அவருடைய ஷூவின் குதிகால் நுழைந்தது. விழுந்த வேகத்தில் தொடை எலும்பு முறிந்து, புதிய ஆஸ்பத்திரியின் முதல் நோயாளி என்ற பெருமையும் அவருக்கே கிடைத்தது.

நாலு பேர் போர்வையில் தூக்கிப் பக்கத்து அறையில் கிடத்தினார்கள். அவர் போட்ட கூச்சலில், வாழ்த்துரை சொல்ல எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். எலும்பு டாக்டரம்மா காலை நீட்டி, எடை கட்டித் தொங்கவிட்டார்.

"ரத்த ஓட்டம் குறையுது. லேட்டானா காலே போயிடும். ஆபரேஷன் தியேட்டருக்குக் கட்டிலோட தள்ளுங்க. கால் அசையவே கூடாது."

கட்டில் கம்பீரமாகக் கதவு வரை போய், அங்கேயே நின்றது.

"பக்கத்து ரூம்ல படுக்க வச்சிருக்கலாமோ?" என்று மனைவி பதறினாள்.

"எல்லாம் இதே கதவுதான்மா," என்றார் நர்ஸ்.

"ஒரு நூல்... வித்தியாசம்... இருக்காது," என்று கட்டிலிலிருந்து முனகல் வந்தது.

"அப்போ சுவரை உடைங்க!" என்றார் டாக்டரம்மா.

"எதை வச்சு மேடம்? இந்த வளாகத்துக்குள்ள சுத்தியலே வரக் கூடாதுன்னு சார் உத்தரவு," என்றார் சீஃபின் உதவியாளர்.

"கிரேனைக் கூப்பிடு! அறையோட தூக்கட்டும்!" என்று சீஃப் அலறினார்.

கிரேன்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "தாராளமா தூக்கலாம் சார். ஆனா உள்ளே ஆள் இருக்கும்போது தூக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? ஒரு நிமிஷம் எழுந்து வெளியே வந்துட்டீங்கன்னா உடனே தூக்கிடுவேன்."

வேறு வழியில்லை. எடையை அவிழ்த்தார்கள். அதே நாலு பேர், அதே போர்வை. நாலு பேரும் ஒரே நேரத்தில் கதவில் நுழையப் பார்த்ததில் போர்வை ஒரு குலுங்கு குலுங்கியது. சீஃபுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எந்த மடையன்டா இந்தக் கதவை வச்சான்?"

டாக்டரம்மா கூரையைப் பார்த்தார். உதவியாளர் தன் செருப்பைப் பார்த்தார். பதில் தெரிந்தும் மேலதிகாரியிடம் சொல்லாத பண்பாடு அந்த அறையில் நிறைந்திருந்தது. மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"கொஞ்சம் மேலே பாருங்க."

கதவுக்கு மேலே அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கால் பிழைத்துக்கொண்டது. லேசாக விந்தி விந்தி நடந்தபடி, இதே அச்சில் அடுத்த ஆஸ்பத்திரிக்கான வேலைகளை அவரே மேற்பார்வை செய்கிறார். காலுக்குக் கால் இப்போது கொஞ்சம் வித்தியாசம் உண்டு. கதவுக்குக் கதவு இன்னும் இல்லை.